லென்ஸ் வைத்த கண்ணின் முதல் வாரம்

தியாகதுருகம் பக்கத்து ஊர்களில் அறுபதைத் தாண்டிய இருவர் சந்தித்தால் சர்க்கரை, பிரஷர் விசாரிப்போடு 'லென்ஸ் வெச்சாச்சா?' என்ற கேள்வியும் வருகிறது. வைத்துக்கொள்ளக் கள்ளக்குறிச்சிக்குப் போகிறவர்கள் உண்டு. முண்டியம்பாக்கம், சேலம், ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுச்சேரி என்று போகிறவர்களும் உண்டு. முகாம் வண்டியில் போனால் சாப்பாடு, படுக்கை, மருந்து எல்லாம் இலவசம். ஒன்றிரண்டு நாளில் கறுப்புக் கண்ணாடியோடு வீடு திரும்பிவிடலாம். பத்தாண்டாக முகம் தெரியாமல் குரலை வைத்தே பேரப்பிள்ளைகளை அடையாளம் கண்ட பாட்டிகள் அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கியதை இந்த வட்டாரத்தில் பார்க்காதவர்கள் குறைவு. கண்புரை அறுவைச் சிகிச்சை மருத்துவம் ஏழைகளுக்குத் தந்த பெரிய கொடைகளில் ஒன்று. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

இந்தக் கட்டுரை, அந்தக் கொடை கைநழுவிப்போன சிலரைப் பற்றியது. லென்ஸ் வைத்த பிறகு வரும் சிக்கல்கள் பல. அவற்றில் மிகக் கொடியதான உட்கண் தொற்று முதல் வாரத்தில் வருகிறது. அதற்கு மருந்து இருக்கிறது. ஆனால் அந்தத் தொற்று நாள் கணக்கில் காத்திருக்காது, மணிக் கணக்கில்தான் பொறுக்கும். அந்த மணி நேரங்களில் நோயாளி எங்கே இருக்கிறார்? மருத்துவமனையில் இல்லை, தன் வீட்டுத் திண்ணையில், கல்வராயன் மலையில் என்றால் வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு குடிசையில் இருக்கிறார். சிக்கலின் வேர் பாதி கண்ணுக்குள் இருக்கிறது என்றால் மீதி அந்தத் தூரத்தில் இருக்கிறது.

2008 ஜூலை இறுதியில் நடந்ததை இந்தப் பகுதி மறந்திருக்க முடியாது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில்தான். அதற்கு முன்பு தியாகதுருகமும் விழுப்புரம் மாவட்டம். அந்த மாவட்டத்தில் நடந்த இலவசக் கண் முகாமில் தேர்வு செய்யப்பட்டவர்களைத் திருச்சி ஜோசப் கண் மருத்துவமனையின் பெரம்பலூர் கிளைக்கு அழைத்துப்போய் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அப்படிப் போனவர்களில் 66 பேருக்குக் கண் பார்வை பறிபோனது. விவகாரம் பிறகு சிபிஐ விசாரணைக்குப் போனது. மங்கலாகவாவது தெரிந்துகொண்டிருந்த கண்ணோடு பஸ் ஏறியவர்கள் அவர்கள்.

இப்படி நடந்தது அங்கே மட்டுமல்ல. 1986இல் உத்தரப் பிரதேசம் குர்ஜாவில் நடந்த முகாமில் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 88 பேரில் 84 பேருக்கு அந்தக் கண் நிரந்தரமாகப் பாழானது. கண்ணைக் கழுவப் பயன்படுத்திய சலைன் திரவத்தில் கிருமி இருந்திருக்கிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1989இல் தீர்ப்பு வந்தது. சேவை மனப்பான்மையோடு செய்தார்கள் என்பதால் கவனக்குறைவு மன்னிக்கப்படாது என்ற கருத்தில் நீதிமன்றம் உறுதியாக நின்றது. 2014இல் பஞ்சாபின் குமான், 2021 நவம்பரில் பீகாரின் முசாஃபர்பூர் என்று பட்டியல் நீள்கிறது. முசாஃபர்பூரில் பலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவைச் சிகிச்சைகளை அலசிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. அறுவை முடியும்போது மாக்சிஃப்ளாக்சசின் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தாதவர்களில் 10,000க்கு 7 பேருக்குக் கண்ணுக்குள் சீழ்த்தொற்று வந்தது. செலுத்தியவர்களில் 10,000க்கு 2 பேருக்குத்தான் வந்தது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் எங்கோ ஒருவருக்கு வரத்தான் செய்யும் என்பதையும், அப்படி வருவது எவ்வளவு அரிது என்பதையும் இந்த எண்கள் ஒருசேரச் சொல்கின்றன. அப்படியிருக்க ஒரே முகாமில் 66 பேருக்கு வருவதை விதி என்றோ 'அவங்க உடம்பு வாகு' என்றோ யாரும் சொல்ல முடியாது. அத்தனை பேர் கண்ணையும் தொட்ட பொதுவான ஒன்று கெட்டிருந்தால்தான் அது நடக்கும். கண்ணைக் கழுவும் திரவம், அறுவையின்போது கண்ணுக்குள் இடம் பிடித்துவைக்கும் கூழ்மருந்து, நீலச் சாயம், குழாய்கள், சரியாக வெப்பம் ஏறாத ஆட்டோகிளேவ் ஆகியவற்றில் ஒன்றாக அது இருக்கலாம். தனி ஒருவருக்கு வரும் தொற்றுக்குக் காரணம் பெரும்பாலும் அவருடைய இமையிலேயே வாழும் பாக்டீரியா. அறுவைக்கு முன் கண்ணில் 5 சதவீத போவிடோன் அயோடின் விடுவது அதற்காகத்தான். ஒரே நாளில் இரண்டு மூன்று பேருக்குத் தொற்று தெரிந்தால் அறுவை அரங்கைப் பூட்டிவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். அடுத்த பட்டியலைத் தொடரக் கூடாது.

செயற்கை லென்ஸின் கதையே ஒரு சிக்கலோடுதான் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் மூடிகள் உடைந்து விமானிகளின் கண்ணில் பிளாஸ்டிக் துணுக்குகள் பாய்ந்தன. இந்தப் பிளாஸ்டிக்கைக் கண் பெரிய எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்டதை மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்யச் சொல்லி 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 45 வயதுப் பெண்ணுக்குப் பொருத்தினார். லென்ஸ் உள்ளே நின்றது, ஆனால் பவர் தவறிவிட்டது. அந்தப் பெண்ணுக்குக் கிட்டப்பார்வை மைனஸ் 18 வரை போனது. அடுத்தடுத்து வைத்த லென்ஸ்களில் சில நழுவிக் கண்ணின் பின்பக்கம் விழுந்தன. சில கண்களில் அழற்சி வந்தது; கிருமி நீக்கப் பயன்படுத்திய ரசாயனம் லென்ஸில் ஒட்டிக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். சக மருத்துவர்கள் பலர் ரிட்லியைக் கடுமையாக எதிர்த்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அவருடைய இரண்டு கண்களிலும் அவர் கண்டுபிடித்த லென்ஸ்தான் வைக்கப்பட்டது.

பவர் தவறுவது, நழுவுவது, அழற்சி என்று ரிட்லி காலத்தில் கண்ட மூன்றும் இன்றும் இருக்கின்றன, அளவு மட்டும் மிகக் குறைந்துவிட்டது. நம் ஊரில் லென்ஸ் எல்லோருக்கும் எட்டியதற்கு மதுரையைத்தான் நன்றியோடு நினைக்க வேண்டும். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த், 1992இல் ஆரோலேப் மூலம் லென்ஸைத் தானே தயாரிக்கத் தொடங்கியது. நூறு டாலர் அளவில் விற்ற பொருள் பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. அதற்கு முன்பு முகாமில் புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடியைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். கண்ணாடி உடைந்தால் பார்வையும் போச்சு. தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் 1994 முதல் உலக வங்கி உதவியோடு நடந்த கண்புரைத் திட்டம், பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் அறுவை செய்யும் வழக்கத்தைக் குறைத்து நோயாளியை மருத்துவமனைக்கே அழைத்துவர வழிசெய்தது. அது சரியான மாற்றம். ஆனால் அழைத்துப்போக வண்டி அமைத்த அளவுக்கு, வீடு திரும்பிய பின் பார்த்துக்கொள்ள ஏற்பாடு அமையவில்லை.

அந்த முதல் வாரத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கலாம். அறுவை நல்லபடி முடிந்த கண் மறுநாள் சற்றுச் சிவந்திருக்கும், உறுத்தும், நீர் வடியும். மணல் விழுந்தாற்போல் இருக்கிறது என்பார்கள். இது இயல்பு. இதில் முக்கியமானது போக்கு. நாளுக்கு நாள் உறுத்தல் குறைய வேண்டும், பார்வை கூட வேண்டும். எண்டாஃப்தால்மைட்டிஸ் என்ற உட்கண் தொற்று வந்தால் இந்தப் போக்கு தலைகீழாகும். முதல் இரண்டு நாள் நன்றாகத் தெரிந்த கண் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் மங்கத் தொடங்கும். வலி கூடும், இமை வீங்கும், வெள்ளைவிழி ரத்தமாகச் சிவக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் கருவிழிக்கு உள்பக்கம் கீழ் விளிம்பில் வெள்ளையாக ஒரு மட்டம் நிற்பது தெரியலாம். அது சீழ். வலியே இல்லாமல் பார்வை மட்டும் குறைந்து வரும் தொற்றும் உண்டு, ஆகையால் 'வலி இல்லையே' என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

சிகிச்சை இதுதான்: கண்ணின் பின்னறையில் உள்ள கூழிலிருந்து சிறிது எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, வான்கோமைசின் 1 மில்லிகிராம், செஃப்டாசிடைம் 2.25 மில்லிகிராம் என்ற அளவில் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே ஊசியால் செலுத்துவார்கள். மாத்திரையோ சொட்டு மருந்தோ மட்டும் அங்கே போதிய அளவில் எட்டாது. அமெரிக்காவில் 420 பேரை வைத்து நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் வழிகாட்டியாக இருக்கிறது. கை அசைவாவது தெரியும் நிலையில் வந்தவர்களுக்கு ஊசி மருந்தே போதுமானதாக இருந்தது. வெளிச்சம் மட்டும் தெரியும் நிலைக்குப் போய்விட்டவர்களுக்குத்தான் விட்ரெக்டமி என்ற பெரிய அறுவை உடனே தேவைப்பட்டது. அதாவது வாசலில் வந்து நிற்கும்போது எவ்வளவு பார்வை மிச்சம் இருந்தது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தது. தியாகதுருகத்திலிருந்து ராத்திரி பஸ் இல்லை, நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போடும் பத்து மணி நேரத்துக்கு இதுதான் பொருள்.

தொற்றைப் போலவே தோன்றும் இன்னொன்று உண்டு. மருத்துவர்கள் டாஸ் என்பார்கள். கிருமி இல்லை, கருவிகளில் ஒட்டிய சோப்பு, கலவை மாறிய திரவம் போன்ற நச்சுப்பொருளால் கண்ணின் முன்னறை வெந்துபோவது. இது அறுவை முடிந்து 12 முதல் 48 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். கருவிழி ஓரம் முதல் ஓரம் வரை வெளுத்துப் பனி படர்ந்தாற்போல் இருக்கும், வலி அதிகம் இருக்காது. ஸ்டீராய்டு சொட்டு மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். சிக்கல் என்னவென்றால், இதே ஸ்டீராய்டு பூஞ்சைத் தொற்று உள்ள கண்ணுக்குப் போனால் நோய் பெருகும். இரண்டையும் பிரித்தறிய ஸ்லிட் லேம்ப் கருவியும் பழகிய கண்ணும் வேண்டும். மருந்துக் கடையில் 'கண்ணு சிவந்திருக்கு, ஏதாச்சும் சொட்டு மருந்து கொடுங்க' என்று கேட்டு வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான். மரவள்ளி, கரும்பு, நெல் என்று தூசியும் சோகையும் பறக்கிற வேலை இந்த வட்டாரத்தில் ஆண்டு முழுக்க இருக்கிறது. கண்ணில் தாவரத் துணுக்கு பட்டால் பூஞ்சை வருவது தமிழ்நாட்டுக் கண் மருத்துவர்கள் அன்றாடம் காணும் நோய். அறுவை செய்த கண்ணோடு ஒரு வாரத்தில் களத்துக்குப் போகிறவரை 'சோம்பேறித்தனமா இருக்காதே' என்று சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. கூலி வேலை செய்பவர்கள் வேலைக்குப் போகாமல் ஒரு மாதம் இருப்பது எப்படி என்பதை முகாம் நடத்துவோர் யோசித்தே ஆக வேண்டும். தாய்ப்பால் விடுவதும் விளக்கெண்ணெய் விடுவதும் பாசத்தால் செய்வதுதான். ஆனால் புதிதாக வெட்டிய கண்ணில் அவை கிருமிக்கு வழி திறந்துவிடும்.

தொற்றை விட்டால் மற்றவை நிதானமாக வருபவை. பவர் தவறுவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் லென்ஸ் வைத்தும் தெளிவாகத் தெரியவில்லை என்று சொல்பவர்களில் கணிசமானோருக்குக் கண்ணாடி மாற்றினாலே போதும். கண்ணின் நீளத்தை அளந்துதான் லென்ஸ் பவர் கணக்கிடுகிறார்கள். நீள அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவரில் இரண்டரைக்கு மேல் பிசகும். ஒலி அலைக் கருவியைக் கருவிழியில் சற்று அழுத்திவிட்டாலே அளவு மாறிவிடும். ஒளியால் அளக்கும் கருவி துல்லியமானது, ஆனால் முற்றிய புரைக்குள் அந்த ஒளி போகாது. 'புரை நல்லா முத்தட்டும்' என்று காத்திருக்கும் பழைய பழக்கம் இங்கே கெடுதலாக முடிகிறது. முற்றிய புரை கல்லாக இறுகும். அதை எடுக்கும்போது, லென்ஸைத் தாங்கும் பையின், வெறும் 4 மைக்ரான் அளவே கனமுள்ள பின்சுவரில் கிழிசல் விழும் வாய்ப்பு கூடும். கிழிந்தால் கூழ் முன்னே வரும், லென்ஸ் நிற்க இடம் இல்லாமல் போகும், தொற்றும் விழித்திரைப் பிரிவும் வரும் வாய்ப்பு பல மடங்காகும். அன்றாட வேலைக்கு இடைஞ்சலாகும்போதே புரையை எடுத்துவிடுவது நல்லது என்பதுதான் இன்றைய மருத்துவத்தின் கருத்து. முற்றவிட்ட காலம் சோடாபுட்டிக் கண்ணாடியோடு போய்விட்டது.

ஆறு மாதமோ இரண்டு மூன்று வருடமோ கழித்து 'மறுபடியும் புரை வந்துடுச்சு, லென்ஸ் கெட்டுப்போச்சு' என்று வருகிறவர்கள் மிக அதிகம். லென்ஸ் கெடவில்லை. லென்ஸைத் தாங்கும் பையின் பின்சுவரில் மிச்சமிருந்த செல்கள் பெருகிப் படலம் கட்டியிருக்கும். யாக் லேசரால் அதன் நடுவில் ஒரு துளை போட்டுவிடுவார்கள். வெட்டு இல்லை, தையல் இல்லை, சில நிமிட வேலை. விளிம்பு சதுரமாகச் சீவிய லென்ஸ்கள் வந்த பின் இது குறைந்திருக்கிறது. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் 'ஆபரேஷன் செஞ்சும் பிரயோஜனம் இல்லை' என்று பல ஆண்டுகள் மங்கலிலேயே வாழ்ந்து முடித்தவர்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான், ஏனென்றால் இதைவிட எளிதாகத் தீர்க்கக்கூடிய பார்வைக் குறை வேறு இல்லை.

சர்க்கரை நோயாளிகளைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அறுவை முடிந்து நாலைந்து வாரத்தில், நன்றாகத் தெரிந்த கண்ணில் நடுவில் மட்டும் மங்கினால், விழித்திரையின் மையத்தில் நீர் கோத்திருக்கலாம். சர்க்கரை இருந்தால் இது வரும் வாய்ப்பு கூடுதல், ஏற்கெனவே விழித்திரை கெட்டிருந்தால் மேலும் கூடும். பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே வற்றும். அறுவைக்கு முன்பே கண்பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும், புரை மறைத்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு வரும் எல்லாக் குறைக்கும் லென்ஸின் மேல் பழி விழும்.

விழித்திரைப் பிரிவு அரிது. மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கும் வயது குறைந்தவர்களுக்கும் வாய்ப்பு சற்று அதிகம். திடீரென்று கண்முன் கறுப்புப் பொட்டுகள் பறப்பது, மின்னல் வெட்டுவது, ஒரு பக்கத்திலிருந்து திரை விழுவது என்று அடையாளங்கள் தெளிவானவை. பல ஆண்டுகள் கழித்து லென்ஸ் பையோடு சேர்ந்தே நழுவுவதும் உண்டு. தென்னிந்திய முதியவர்களிடம் காணப்படும் ஒரு நிலையில் கண்ணின் உள்ளே சாம்பல் போன்ற படிவு சேர்ந்து, பையைத் தாங்கும் நுண் இழைகள் தளரும். அவர்களுக்கும், மாடு முட்டி அடிபட்டவர்களுக்கும் இது வரலாம். சிலவகை லென்ஸ்களில் கால்சியம் படிந்து வெளுத்துப்போவதும் நடந்திருக்கிறது, அப்போது லென்ஸை மாற்றித்தான் ஆக வேண்டும். எந்த நிறுவனத்தின் எந்த மாடல் லென்ஸ் தன் கண்ணில் இருக்கிறது என்று நோயாளிக்குத் தெரிந்திருப்பது அதனால்தான் அவசியம். லென்ஸ் பெட்டியிலேயே அதற்கான ஸ்டிக்கர் வருகிறது. அதை நோயாளியின் சீட்டில் ஒட்டிக் கொடுக்கும் மருத்துவமனைகள் இருக்கின்றன. எல்லா இடத்திலும் கேட்டு வாங்க வேண்டும்.

இனி, அந்தத் தூரத்தை எப்படிக் குறைப்பது? கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. அவசரக் கண் சிகிச்சைக்கு முண்டியம்பாக்கம் வரை ஓட வேண்டிய நிலை மாற அதுவே இடம். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கண்ணுக்குள் ஊசி போடத் தெரிந்த ஒருவரும், மேலே சொன்ன இரண்டு மருந்துகளும் அங்கே தயாராக இருந்தால் தியாகதுருகம்வாசிக்கு அது அரை மணி தூரம். கல்வராயன் மலைக்காரருக்கு அது இன்னும் பல மணி நேரம்தான். அங்கே முதல் கண்டறிதல் வீட்டிலேயே நடந்தாக வேண்டும்.

அது முடியும். அறுவை செய்யாத கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, தினமும் காலையில் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் தேதியைப் பார்க்க வேண்டும். நேற்று தெரிந்த அளவுக்கு இன்று தெளிவாக இல்லையென்றால் அன்றே புறப்பட வேண்டும். எழுத்துத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். இரண்டு கண்ணையும் திறந்து பார்ப்பதால்தான் கெட்டுக்கொண்டிருக்கும் கண்ணை நல்ல கண் மறைத்துவிடுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள். கண் அறுவை முடிந்தவரின் பெயர் அவர்கள் பட்டியலில் ஏறி, மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் ஏழாம் நாளும் அவர்கள் போய் இந்தக் காலண்டர் சோதனையைச் செய்தால், சந்தேகம் வந்ததும் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தின் கண் மருத்துவ உதவியாளரைக் கூப்பிட்டால், புதிய செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. சொட்டு மருந்து விடுவதையும் அவர்களே பார்த்துக்கொள்ளலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை இழுத்து, புட்டியின் முனை இமையிலோ ரோமத்திலோ படாமல் ஒரு சொட்டு. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. இதை மருத்துவமனையில் அவசரமாகச் சொல்லி அனுப்புகிறார்கள், வீட்டில் பேரன் அவசரமாக விடுகிறான்.

முகாம் நடத்தும் மருத்துவமனைகளிடம் கேட்க வேண்டியது வேறு. எத்தனை பேருக்கு லென்ஸ் வைத்தோம் என்ற எண்ணைத் தட்டியில் பெரிதாக எழுதுகிறார்கள். ஒரு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், எத்தனை பேருக்குக் கண்ணாடியோடு 6/18 அல்லது அதைவிட நன்றாகத் தெரிந்தது, எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்ற மூன்று எண்களையும் மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கம் கேட்டு வாங்கி, ஆண்டுதோறும் மருத்துவமனை வாரியாக வெளியிட வேண்டும். அடுத்த முகாமுக்கு அனுமதி தருவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பார்க்கும் உரிமை ஊராட்சித் தலைவருக்கும், முகாம் வண்டியில் ஏறப்போகும் ஒவ்வொருவருக்கும் வேண்டும்.